பிறருக்குக் கொடுத்த சிம்மும் நம் பெயரில் நிற்கும் பில்லும்

மலையக நகரங்களில் வியாபாரம் செய்யும் எமது சகோதரர்களிடையே ஒரு பழக்கம் நீண்ட காலமாக இருந்து வருகிறது. தமது பெயரில் எடுத்த, மாதாமாதம் பில் கட்டும் கையடக்கத் தொலைபேசி இணைப்பைத் தமக்குத் தேவையில்லாமல் போனதும் கடையில் வேலை செய்யும் பையனுக்கோ, மச்சானுக்கோ, தோட்டத்திலிருந்து வருகின்ற நெடுநாள் வாடிக்கையாளருக்கோ கொடுத்துவிடுகிறார்கள். சிலர் வேறொருவருக்காகவே புதிய இணைப்பு ஒன்றைத் தமது பெயரில் எடுத்துக் கொடுப்பதும் உண்டு. "நானா, நீங்க ஒரு சைன் மட்டும் போடுங்க, மாசாமாசம் காச நான் கட்டிர்றேன்" என்று ஒருவர் கேட்கும்போது மறுக்க மனம் வருவதில்லை. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. சிம் கைமாறியதோடு கொடுத்தவர் அதை மறந்துவிடுகிறார்.

மறந்துவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. கைமாறியது சிம் என்கிற சிறு அட்டை மாத்திரமே. கம்பனியோடு செய்து கொண்ட ஒப்பந்தம் கையொப்பமிட்டவரின் பெயரிலேயே இருக்கிறது. அந்தப் பெயர் கம்பனியின் பதிவேட்டில் மாறும் வரை பில்லுக்கும் அவர்தான் பொறுப்பு. அந்த எண்ணிலிருந்து எடுக்கப்படும் அழைப்புகளுக்கும் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதேவேளை, சிம்மைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த எண்ணில் எந்த உரிமையும் கிடையாது. இரு தரப்பாரும் இதனை அறியாமலே ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுகிறார்கள்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது?

நியாயமாகச் சொல்வதென்றால், இது சோம்பலால் வந்த பழக்கமன்று. மலையகத்தில் இதற்கு உண்மையான காரணங்கள் இருந்தன. மாதாந்த பில் முறையில் இணைப்பு எடுப்பதற்கு அடையாள அட்டையும் விலாசத்தை உறுதிப்படுத்தும் ஆவணமும் கேட்பார்கள். மின்சார பில், தண்ணீர் பில், வங்கிக் கணக்கறிக்கை என்று ஏதாவது ஒன்று வேண்டும். லயத்தில் குடியிருப்பவரிடம் அவருடைய பெயரில் இவற்றில் எதுவும் இருப்பது அரிது. ஒரு தோட்டத்தின் ஒரு டிவிஷனில் வாழும் அத்தனை குடும்பங்களுக்கும் விலாசம் ஒன்றுதான். கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்து உரியவரின் கைக்கு வந்தால் வந்தது. இந்தக் குறை பற்றி மலையகத்தில் பேசாதவர் கிடையாது.

பிரஜாவுரிமைப் பிரச்சினையும் இருந்தது. இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35 ஆம் இலக்கச் சட்டம் 2003 ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. அதற்குப் பிறகும் பிறப்புச் சான்றிதழ் இல்லாமை போன்ற காரணங்களால் அடையாள அட்டை பெற முடியாமல் பலர் அலைந்தார்கள். கையடக்கத் தொலைபேசி நாட்டில் வேகமாகப் பரவியது சரியாக அந்தக் காலத்தில்தான். ஆகவே ஹட்டன் பிரதான வீதியிலோ, தலவாக்கலையிலோ, பொகவந்தலாவையிலோ கடை வைத்திருந்தவர் தனது அடையாள அட்டையைக் கொடுத்து இணைப்பு எடுத்துக் கொடுத்தது ஓர் உதவியாகவே கருதப்பட்டது. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்த பிள்ளைகளோடு பெற்றோர் பேசியது இப்படியான இணைப்புகள் மூலமாகத்தான். கொழுந்து பறிக்கும் தாய்க்கும் கொழும்பிலுள்ள மகனுக்கும் இடையில் ஒரு கடைக்கார நானாவின் பெயர் நின்றது. அதைக் குறை சொல்ல எமக்கு மனமில்லை.

பழைய தொலைபேசிகளின் வழக்கமும் இதனோடு சேர்ந்து கொண்டது. தரைவழித் தொலைபேசிக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் ஒன்று இருந்ததை மூத்த வியாபாரிகள் அறிவார்கள். கடை விற்கப்படும்போது தொலைபேசியும் பழைய உரிமையாளரின் பெயரிலேயே கடையோடு சேர்ந்து போனது. கம்பி சுவரில் இருந்தது, பில் கடைக்கு வந்தது, புதியவர் கட்டினார். அந்த எண்ணத்தை அப்படியே கையடக்கத் தொலைபேசிக்கும் கொண்டு வந்துவிட்டோம். ஆனால் இந்தக் கம்பி எந்தச் சுவரிலும் இல்லை. அது ஆளோடு நடக்கிறது. வேலையை விட்டுப் போனால் கூடவே போகிறது.

கடனை மாற்றுவதற்கு மூன்று பேர் வேண்டும்

மார்க்கத்தின் வியாபாரச் சட்டங்களைப் படித்தவர்களுக்கு இதிலுள்ள பிழை உடனே விளங்கும். ஒருவருடைய கடன் பொறுப்பை இன்னொருவருக்கு மாற்றுவதற்கு ஃபிக்ஹில் ஹவாலா என்று பெயர். இதில் மூவர் இருக்கிறார்கள்: கடன்பட்டவர், கடன் கொடுத்தவர், கடனைப் பொறுப்பேற்பவர். வசதியுள்ள ஒருவர் மீது கடன் மாற்றப்பட்டால் அதனை ஏற்றுக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதனை ஹன்பலி மத்ஹபினர் கடமை என்றே கொள்கின்றனர். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் கடன் கொடுத்தவரின் சம்மதம் அவசியம். அவருடைய சம்மதமில்லாமல் கடனாளி தனக்குள்ளேயே ஆள் மாற்றிக் கொள்ள முடியாது.

எமது விடயத்தில் கடன் கொடுத்தவர் யார்? தொலைபேசிக் கம்பனி. முதலில் சேவையைத் தந்துவிட்டு மாத முடிவில் பணம் கேட்பதால் அது ஒவ்வொரு மாதமும் எமக்குக் கடன் தருகிறது. நீங்களும் உங்கள் கடைப் பையனும் பேசி முடித்த ஏற்பாட்டில் அந்தக் கம்பனி கலந்து கொள்ளவே இல்லை. ஆகவே அது ஹவாலாவாகாது. அந்தப் பையன் உங்களுக்குத் தந்த ஒரு வாக்குறுதி, அவ்வளவுதான். இலங்கையில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டமும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. கடனாளியை மாற்றி இன்னொருவரை வைப்பதற்கு மூன்று தரப்பாரின் இணக்கமும் வேண்டும் என்பது அதன் விதி.

இதனைச் சிலர் பிணை நிற்பதோடு ஒப்பிடுகிறார்கள். "பிணை நின்றால் எப்படியும் அப்படித்தானே" என்கிறார்கள். அதைவிட மோசம் என்பதே எமது கருத்து. பிணை நிற்பவருக்கு முன்னால் உண்மையான கடனாளி ஒருவர் ஆவணத்தில் இருக்கிறார். அவருடைய பெயரும் விலாசமும் கடன் கொடுத்தவரிடம் இருக்கும். இங்கே உங்களுக்கு முன்னால் எவருமே இல்லை. கம்பனியின் கண்ணுக்கு அந்தப் பையன் பிறக்கவேயில்லை.

நபி (ஸல்) அவர்களிடம் கடனோடு மரணித்த ஒருவரின் ஜனாஸா கொண்டு வரப்பட்டபோது, மூன்று தீனார் கடனுக்காக அவர்கள் தொழுவிக்கத் தயங்கியதும், அபூ கதாதா (ரழி) அவர்கள் அதனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்ததும் பலரும் அறிந்த செய்தி. முஸ்னத் அஹ்மதில் ஜாபிர் (ரழி) அவர்கள் வழியாக வரும் இது போன்ற அறிவிப்பில் இன்னொரு விபரம் இருக்கிறது. நபியவர்கள் அத்தோடு விட்டுவிடவில்லை. மறுநாளும் அந்தத் தீனார்கள் என்னவாயின என்று அபூ கதாதாவிடம் விசாரித்தார்கள். பொறுப்பேற்பது ஒன்று, கட்டி முடிப்பது இன்னொன்று. எங்களில் எத்தனை பேர் கொடுத்த சிம்மின் பில் என்னவாயிற்று என்று மறுமாதம் விசாரித்திருக்கிறோம்?

கடன் கைமாறுவது மலையகத்துக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. ஒரு கங்காணி தனது ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவரும் ஆட்களும் பட்டிருந்த கடன் தொகை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுக்கப்படும். புதிய தோட்டத்துத் துரை அந்தத் தொகையைப் பழைய தோட்டத்துக்குக் கட்டினால்தான் ஆட்களை விடுவிப்பார்கள். கடன் அழிவதில்லை; தோட்டம் விட்டுத் தோட்டம் கூடவே வரும், போகப் போகக் கூடும். 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் இம்முறையைத் தடை செய்தது. ஏழைகளை விலங்கிட்ட அநியாய முறை அது என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த அநியாயத்தில்கூட, கடன் மாறியது என்பதற்குக் கடன் கொடுத்தவனின் கையால் எழுதிய துண்டு ஒன்று இருந்தது. எங்களுடைய சிம் கொடுக்கல் வாங்கலில் அதுவும் கிடையாது.

எவ்வளவு போகும்?

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான். வரிகள் எல்லாம் சேர்த்து மாத பில் 2,000 ரூபா என்று வைத்துக் கொள்வோம். (2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்ந்த வற் வரியும் அதில் அடங்கும். சந்தாத் தொகையை மாத்திரம் பார்த்து இணைப்பு எடுப்பவர்கள் இதனை மறந்துவிடுகிறார்கள்.) மூன்று மாதம் கட்டாமல் விட்டால் 6,000 ரூபா. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் பார்த்தால் இது நாலரை நாள் மலையில் நின்று கொழுந்து பறித்த கூலி. கடைக்காரருக்கு இது தாங்கக்கூடிய தொகையாக இருக்கலாம். பாவித்தவருக்கு அப்படியல்ல. பத்தாந் திகதி சம்பளத்தில் கடைக்கடனும் சீட்டுக் காசும் போக மிஞ்சுவதில் இதனைக் கட்ட வேண்டும். ஏமாற்றும் எண்ணம் இல்லாதவர்கூட இந்த இடத்தில்தான் கட்டத் தவறுகிறார். தவறிய பின்பு வெட்கத்தால் கடைப் பக்கம் வராமல் விடுகிறார். முதலாளிக்கும் அவருக்கும் பல வருடங்களாக இருந்த உறவு ஒரு பில்லால் அறுந்து போகிறது.

உள்நாட்டு அழைப்புகளோடு இது நின்றுவிடுவதில்லை. வெளிநாட்டு அழைப்பும் ரோமிங் வசதியும் திறந்திருந்தால் தொகை வேறு மாதிரி ஏறும். சிம்மைப் பெற்றவர் வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குப் போகும்போது அதனையும் எடுத்துச் செல்கிறார். உம்றாவுக்குப் போகும் உறவினர் "உங்கட சிம்மில ரோமிங் இருக்குத் தானே" என்று வாங்கிப் போகிறார். அங்கே டேட்டாவை அணைக்க மறந்தால் சில நாட்களிலேயே பில் பல மடங்காகிவிடும். 40,000 ரூபா என்று ஒரு பில் வந்தால் அது மேற்சொன்ன நாட்சம்பளத்தில் ஏறத்தாழ 30 நாள் கூலி. இணைப்புக்குக் கடன் எல்லை ஒன்றை விதிக்கும்படி கம்பனியிடம் கேட்டு வைத்திருந்தால் ஓரளவு தப்பலாம். பிறருக்குக் கொடுத்தவர்கள் அதனைக் கேட்டு வைப்பதில்லை.

தொலைபேசியையே தவணை முறையில் எடுத்துக் கொடுப்பது இன்னும் சிக்கலானது. வங்கியோ நிதிக் கம்பனியோ கடன் அட்டையோ இடையில் இருந்தால், கட்டத் தவறிய தவணை கொடுகடன் தகவல் பணியகமான கிரிப்பில் உங்கள் பெயருக்கு எதிரே பதிவாகும். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட அந்தப் பணியகத்தின் அறிக்கையைப் பார்க்காமல் இன்று எந்த வங்கியும் கடன் கொடுப்பதில்லை. லொறி ஒன்றுக்கு லீசிங் கேட்டுப் போன இடத்தில், எப்போதோ யாருக்கோ எடுத்துக் கொடுத்த போனின் தவணை குறுக்கே நிற்பதைக் காண நேரிடும். இஸ்லாமிய முறையில் இயங்கும் நிதி நிறுவனங்களும் இதே அறிக்கையைத்தான் பார்க்கின்றன என்பதையும் கவனத்திற் கொள்ள வேண்டும்.

பெயருக்கு வரும் கேள்விகள்

பணம் போனால் உழைத்துக் கொள்ளலாம். பெயருக்கு வரும் கேள்வி அப்படியல்ல. ஓர் எண்ணிலிருந்து மிரட்டல் வந்தது, பண மோசடி நடந்தது, அவதூறான படம் அனுப்பப்பட்டது என்று முறைப்பாடு பதிவானால், பொலிஸார் முதலில் தேடுவது அந்த எண் யாருடைய அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது என்பதைத்தான். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் போன்றவற்றின் கீழ் விசாரணை நடக்கும்போது, "நான் பாவிக்கவில்லை, கொடுத்துவிட்டேன்" என்று சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். யாருக்கு, எப்போது கொடுத்தீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?

யுத்த காலத்தில், 2008 ஆம் ஆண்டில், இணைப்பின் உரிமையை உறுதிப்படுத்தும் சான்றினைப் பாவனையாளர்கள் தம்மோடு வைத்திருக்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். கொழும்பில் வேலை செய்த மலையக இளைஞர்கள் சோதனைச் சாவடிகளில் பதில் சொல்லத் தடுமாறியது அந்தக் காலத்தில்தான். தம் கையிலிருந்த சிம் வேறொருவர் பெயரில் இருந்தால் அவர்கள் என்ன சொல்ல முடியும்? 2019 ஏப்ரலுக்குப் பிந்திய தேடுதல்களின்போது எங்கள் வீடுகளில் தொலைபேசிகள் எப்படிப் பார்க்கப்பட்டன என்பதை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாம் பாவிக்காத, யார் கையில் இருக்கிறது என்றே தெரியாத ஓர் எண்ணுக்கு நமது பெயரை அடகு வைப்பது புத்திசாலித்தனமன்று.

வாங்கியவரின் நஷ்டம்

இதுவரை கொடுத்தவரின் பக்கத்தைப் பார்த்தோம். வாங்கியவரின் நிலைமை பல வேளைகளில் இதைவிடப் பரிதாபமானது, ஏனெனில் அவர் பில்லை ஒழுங்காகக் கட்டிக்கொண்டே இருந்தாலும் அந்த எண் அவருடையதாக ஆவதில்லை. பதிவிலுள்ளவர் எப்போது வேண்டுமானாலும் கம்பனியின் கிளைக்குப் போய், சிம் தொலைந்துவிட்டது என்று சொல்லி அதே எண்ணுக்குப் புதிய சிம் எடுக்க முடியும். பத்து வருடம் கட்டிய ரசீதுகளைக் காட்டினாலும் பதிவேட்டில் உள்ள பெயர்தான் எடுபடும்.

இன்று ஒரு கடையின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரு வாட்ஸ்அப் எண்ணில் இருக்கிறார்கள். பெயர்ப்பலகையிலும் பில் புத்தகத்திலும் லொறியின் பக்கவாட்டிலும் அதே எண் அச்சாகியிருக்கிறது. கடையைக் கைமாற்றும்போது சாமான்களுக்குக் கணக்கு எடுக்கிறோம், முற்பணத்துக்குப் பத்திரம் எழுதுகிறோம், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவைக்கூடச் சிலர் ஒழுங்காக மாற்றுகிறார்கள். எண் மட்டும் பழைய முதலாளியின் பெயரிலேயே இருந்துவிடுகிறது. பிறகு இருவருக்கும் ஏதாவது மனத்தாங்கல் வந்தால், அல்லது பழைய முதலாளி மரணித்து அவருடைய பிள்ளைகள் கணக்கை மூடிவிட்டால், புதியவரின் வியாபாரம் ஒரே நாளில் ஊமையாகிவிடும். அழகான எண் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவர்களுக்கும் இதே கதைதான். எண் எவருக்கும் சொந்தமில்லை. ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு கம்பனிக்கு ஒதுக்கியதைக் கம்பனி சந்தாதாரருக்குப் பாவிக்கக் கொடுக்கிறது. பெயர் மாற்றம் செய்யாமல் எண்ணுக்குப் பணம் கொடுத்தவர் எதனை வாங்கினார் என்றே எமக்கு விளங்கவில்லை.

வங்கிக் கணக்கு விடயம் இரு தரப்பையும் தாக்கும். வங்கி அனுப்பும் ஓடிபி என்கிற ஒருமுறை இரகசிய இலக்கம் எந்த எண்ணுக்குப் போகிறதோ அந்த எண்தான் இன்று பெட்டகத்தின் சாவி. சிம்மைக் கொடுத்தவர் தனது வங்கிக் கணக்கில் எண்ணை மாற்ற மறந்திருந்தால், அவருடைய கணக்கின் தகவல்கள் இன்னொருவருக்குப் போய்க் கொண்டிருக்கும். வாங்கியவர் தனது கணக்கை அந்த எண்ணோடு இணைத்திருந்தால், பதிவிலுள்ளவர் புதிய சிம் எடுத்த அன்றே சாவி அவருடைய கைக்குப் போய்விடும். 2012 இல் ஈசி கேஷ் வந்த காலத்திலிருந்து தொலைபேசி எண்ணிலேயே பணம் வைக்கும் முறையும் பழகிவிட்டது. பில் கட்டாததால் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டால், சில காலத்தின் பின் கம்பனி அதே எண்ணை முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுத்துவிடவும் கூடும்.

கம்பனி மாறினாலும் கடன் மாறாது

ஒரு விந்தையையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ளவற்றை வாசித்துப் பார்த்தால், கம்பனியின் எழுத்து மூலச் சம்மதமின்றிச் சந்தாதாரர் தனது உரிமைகளையும் கடமைகளையும் பிறருக்கு மாற்றக்கூடாது என்றும், கம்பனி மட்டும் மாற்றலாம் என்றும் வழமையாக எழுதியிருப்பார்கள். கம்பனிகள் அப்படியே செய்தும் வந்திருக்கின்றன. 1989 இல் செல்டெல் என்ற பெயரில் ஆரம்பித்த சேவை பின்னர் டிகோ ஆனது, எடிசலாட் ஆனது, 2018 இல் ஹட்ச்சோடு சேர்ந்தது. 2009 இல் வந்த எயார்டெல் 2024 இல் டயலொக்கோடு இணைந்தது. இத்தனை பெயர் மாற்றங்களிலும் சந்தாதாரரின் நிலுவை அழிந்து போகவில்லை. "அந்தக் கம்பனிதான் இப்போது இல்லையே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் யோசிக்க வேண்டிய விடயம் இது.

காலம் கடந்தால் கடன் தானாகவே போய்விடும் என்ற எண்ணமும் அரைகுறையானது. 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்து மூல ஒப்பந்தம் ஒன்றின் மீது 6 வருடங்களுக்குள் வழக்குத் தொடரலாம். வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 வருடங்கள்தான். இதன் கருத்தைக் கவனியுங்கள். கம்பனி உங்களைத் துரத்த 6 வருடம் இருக்கிறது, உங்களுக்கு வாக்குத் தந்தவரை நீங்கள் கேட்க அதில் பாதிதான். மார்க்கத்தில் கடன் காலாவதியாவதே இல்லை என்பது வேறு விடயம்.

என்ன செய்யலாம்?

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. கொடுப்பவரும் பெறுபவரும் தத்தமது அடையாள அட்டையோடு கம்பனியின் கிளைக்கு ஒன்றாகப் போக வேண்டும். அன்று வரையுள்ள நிலுவையை முழுதாகக் கட்டி, பெயர் மாற்றப் படிவத்தில் இருவரும் கையொப்பமிட்டு, பெறுபவர் தனது பெயரில் புதிய ஒப்பந்தம் எழுத வேண்டும். எமது பாஷையில் சொன்னால் ஹவாலாவின் மூன்று தரப்பும் ஒரே மேசையில் கூடுவது இதுதான். பெயர் மாறியதற்கான பிரதியைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வைப்புப் பணம் ஏதும் கட்டியிருந்தால் அது யாருக்குச் சேரும் என்பதையும் அங்கேயே பேசித் தீர்த்துவிடுங்கள். கடனை எழுதி வைக்கும்படி சூரா அல்பகராவின் 282 ஆவது வசனம் கட்டளையிடுகிறது. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதுவது பற்றியது என்பதை வியாபாரிகள் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது நல்லது.

பெறுபவருக்கு விலாசச் சான்று இல்லையென்றால்? லயத்தில் வசிப்பவருக்குக் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் பெற வழியுண்டு. கம்பனி எதனை ஏற்கும் என்று கிளையில் கேட்டுப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால், அவருடைய சொந்த அடையாள அட்டையில் ரீலோட் போடும் முற்கொடுப்பனவு சிம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, முதல் ரீலோட்டை நீங்கள் போட்டுவிடுங்கள். உதவியும் செய்ததாகும், இரு தரப்பிலும் எவருடைய கழுத்தும் அகப்படாது. அடையாள அட்டையே இல்லாதவருக்குச் செய்ய வேண்டிய உதவி, உங்கள் பெயரில் சிம் எடுப்பதைவிட, அவருடைய அடையாள அட்டை விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதுதான்.

கடையின் வேலைக்காக ஊழியரிடம் இணைப்பு கொடுப்பதாயின் அது கடையின் வியாபாரப் பெயரிலேயே இருக்கட்டும். யாரிடம், எந்தத் திகதியில் கொடுத்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி அவரிடம் கையொப்பம் வாங்குங்கள். வேலையை விட்டுப் போகும் நாளில் சம்பளக் கணக்கு முடிக்கும்போது சிம்மையும் திரும்பப் பெறுங்கள். வெளிநாட்டு அழைப்பும் ரோமிங்கும் தேவையில்லையென்றால் ஆரம்பத்திலேயே மூடி வைக்கலாம்.

ஏற்கனவே கொடுத்துவிட்டு ஆளைத் தொலைத்தவர்கள் முதலில் செய்ய வேண்டியது, கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்வது. நிலுவை உங்கள் தலையில்தான் விழும், ஆனால் அன்றோடு நின்றுவிடும். பின்பு வாக்குத் தந்தவரைத் தேடலாம். சிறிய தொகைகளுக்கு நீதிமன்றம் ஏறத் தேவையில்லை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் இதற்காகவே இருக்கின்றன. எதிர்த் தரப்பில் இருப்பவர் உண்மையிலேயே கையில் காசில்லாத தொழிலாளியாக இருந்தால், தவணைக்கு விடுவதோ விட்டுக் கொடுப்பதோ உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான விடயம். பில்லை வசூலிக்கிறேன் என்று அவருடைய சம்பள நாளில் லய வாசலில் போய் நின்று சத்தம் போடுவதை மட்டும் தவிர்த்துக் கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர் நீங்கள்தான்.

கையிலிருக்கும் சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று சந்தேகமுள்ளவர்கள் அந்தத் தொலைபேசியிலிருந்தே #132# என அழுத்திப் பதிவு விபரத்தைச் சரிபார்க்கலாம். வீட்டிலுள்ள ஒவ்வொரு தொலைபேசியிலும் இதனைச் செய்து பாருங்கள். மர்ஹூமான வாப்பாவின் பெயரில் இன்னும் ஓடிக் கொண்டிருக்கும் இணைப்பு ஏதாவது அகப்பட்டால், மரணச் சான்றிதழின் பிரதியோடு கிளைக்குப் போய் நிலுவையைக் கட்டி மூடிவிடுங்கள், அல்லது பிள்ளைகளில் ஒருவரின் பெயருக்கு மாற்றிக் கொள்ளுங்கள். சொத்தைப் பங்கிடுவதற்கு முன் கொடுத்துத் தீர்க்க வேண்டிய மய்யித்தின் கடன்களில் அந்த பில்லும் ஒன்று.